ஒன்பதே முக்காலுக்கு ஒரு வண்டி

சென்னையில் ஏழு வருஷம் குரோம்பேட்டையில் குடியிருந்தேன். அந்த ஏழு வருஷமும் ரயில் எத்தனை மணிக்கு என்று பார்த்துக் கிளம்பிய ஞாபகமே இல்லை. பிளாட்பாரத்தில் போய் நிற்பேன், வந்த வண்டியில் ஏறுவேன், அவ்வளவுதான். ஒன்றைத் தவறவிட்டால் பக்கத்தில் நிற்பவரே "பின்னாடியே இன்னொன்னு வருது சார்" என்று சொல்லிவிடுவார். சொன்ன மாதிரியே அது வந்துகொண்டிருக்கும். இப்போது மதுரைக்குப் பக்கத்தில் இருக்கும் திருமங்கலத்துக்குத் திரும்பி வந்து மூன்று வருஷம் ஆகிறது. இங்கே ஒரு வண்டியை விட்டால் அடுத்ததை நம்பி உட்கார முடியாது, பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போக வேண்டும்.

கடற்கரை - தாம்பரம் பாதையில் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது 1931-ல். அன்றைக்கு அது மீட்டர் கேஜ். 1931 கணக்கெடுப்பில் சென்னையின் மக்கள்தொகை ஆறரை லட்சம்தான். பல்லாவரமும் தாம்பரமும் நகரத்துக்கு வெளியே தனித்தனி ஊர்கள். யோசித்துப் பாருங்கள், கூட்டம் சேரட்டும், அப்புறம் ரயில் விடலாம் என்று அன்றைக்குக் காத்திருந்தால் மாம்பலத்துக்குத் தெற்கே இப்போது இருக்கும் சென்னையே வேறு மாதிரி இருந்திருக்கும். ரயில் போன வழியில்தான் வீடுகள் வந்தன. நான் இருந்த தெருவில் பாதிப் பேர் "ஸ்டேஷனுக்கு நடந்து போகலாம்" என்ற ஒரே காரணத்துக்காக அங்கே வந்தவர்கள்.

அந்த வண்டியின் அமைப்பும் அந்த வேலைக்கென்றே செய்தது. தனியாக ஓர் இன்ஜின் இழுப்பதில்லை. பெட்டிகளுக்குள்ளேயே ஆங்காங்கே மோட்டார் இருப்பதால் நின்ற இடத்திலிருந்து சட்டென்று வேகம் பிடிக்கும், அரை நிமிஷம் நின்று கிளம்பினாலும் நேரம் பெரிதாகப் போகாது. இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை உண்டு. தாம்பரம் வந்ததும் இன்ஜினைக் கழற்றி மறுமுனையில் கோக்கும் வேலை கிடையாது, வந்த வண்டியே அப்படியே திரும்பிவிடும். பிரேக் போடும்போது மேலே தொங்கும் கைப்பிடிகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, மறுபடி நேராகி, டக்டக்கென்று மோதிக்கொள்ளும். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் அந்தச் சத்தத்தை வைத்தே ஸ்டேஷன் வந்துவிட்டது என்று எழுந்துவிடுவேன்.

கடற்கரையிலிருந்து தாம்பரம் சுமார் 30 கிலோமீட்டர், அதற்குள் 18 ஸ்டேஷன். மதுரையிலிருந்து திருமங்கலம் 18 கிலோமீட்டர் இருக்கும், நடுவில் இருப்பது திருப்பரங்குன்றம் ஒன்றுதான். பழங்காநத்தம், பசுமலை, தோப்பூர், கப்பலூர் என்று இந்தப் பக்கம் முழுக்க ஆள் நடமாட்டம். கப்பலூரில் தொழிற்பேட்டை, தோப்பூரில் எய்ம்ஸ். ஆனால் இவர்களுக்கெல்லாம் ரயில் என்பது கண்ணெதிரே கடந்து போகிற ஒன்று, ஏறுகிற ஒன்று இல்லை. முன்பெல்லாம் ஒற்றைத் தடம், கிராசிங்குக்காக ஒரு வண்டியை ஓரங்கட்ட வேண்டும், கூடுதல் வண்டி விட இடமில்லை என்றால் ஒப்புக்கொள்ளலாம். இப்போது இரட்டைத் தடமும் ஆகிவிட்டது, மின்கம்பியும் இருக்கிறது.

திருமங்கலம் - ஒத்தக்கடை மெட்ரோ திட்ட அறிக்கையை மத்திய அரசு 2025 நவம்பரில் திருப்பி அனுப்பியது, மக்கள்தொகை 20 லட்சம் இல்லை என்பது அதில் ஒரு காரணம். எங்கள் தெருவில் எல்லாருக்கும் கோபம், எனக்கும்தான். மதுரையும் அதை ஒட்டிய பகுதிகளும் சேர்ந்து 2011-லேயே 14 லட்சத்தைத் தாண்டிவிட்டன. ஆறரை லட்சம் பேர் இருந்த சென்னைக்கு அன்று கிடைத்ததை, அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் இருக்கிற ஊர் இன்று கேட்டால் அதிகமா? மெட்ரோ வரட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் திண்டுக்கல், விருதுநகர், மானாமதுரை, போடி என்று நாலு திசைக்கும் தண்டவாளம் ஏற்கெனவே கிடக்கிறதே. அதில் காலையும் மாலையும் அரைமணிக்கு ஒரு சின்ன வண்டி விட்டு, நடுவில் நாலைந்து இடத்தில் பிளாட்பாரம் கட்டினால், சோழவந்தான்காரரும் சிலைமான்காரரும் டூவீலரை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவார்கள்.

என் சித்தி மகள் தெற்கு மாசி வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க நின்றபடியே வேலை. புடவையை விரித்துக் காட்டி, மடித்து, மறுபடி விரித்து, ராத்திரி வீட்டுக்கு வரும்போது கணுக்கால் வீங்கியிருக்கும். செங்கோட்டை பாசஞ்சரில் பத்து ரூபாய் டிக்கெட்டில் உட்கார்ந்து வந்துவிடலாம். கொரோனாவுக்குப் பிறகு முப்பது ரூபாய் ஆக்கி, 2024-ல்தான் மறுபடி பத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் அந்த வண்டி சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் கிளம்பிவிடும், இவள் கடை மூடுவது ராத்திரி ஒன்பதரைக்கு. அதனால் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து, கூட்டத்தில் இடித்துக்கொண்டு ஏறி, பாதி நாள் திருப்பரங்குன்றம் தாண்டும்வரை நின்றபடிதான் வருகிறாள். தினமும் போன் வரும்: "அண்ணே, பஸ்ஸு இப்பத்தான் எடுத்தான், நீங்க கிளம்பி வந்தா சரியா இருக்கும்." நான் பைக்கை எடுத்துக்கொண்டு போய் நிற்பேன்.

தெற்கு மாசி வீதியிலிருந்து ஜங்ஷனுக்குக் கால் மணி நேர நடை. ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு மதுரையிலிருந்து திருமங்கலத்துக்கு ஒரு வண்டி. முதலில் அதை விடட்டும்.