ரிச்சி தெருவில் வால்வு மாற்றினேன்

எங்கள் வீட்டுக்குள் மின்சாரத்தில் ஓடும் எந்தப் பொருள் நுழைய வேண்டுமானாலும் என் மனைவியின் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: "எத்தனை வாட்?" இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணக் கணக்கை அவள் ஜாதகம் பார்ப்பதுபோல் பார்ப்பாள். எந்தக் கிரகம் எந்த அறையில் உட்கார்ந்து யூனிட்டைத் தின்றது என்று சொல்லிவிடுவாள். கிடாருக்கு ஒரு சின்ன வால்வு ஆம்ப்ளிஃபயர், அதாவது பழைய ரேடியோவில் இருந்ததுபோல் கண்ணாடிக் குழல்களில் ஓடும் ஒலிபெருக்கிப் பெட்டி, வாங்கப்போகிறேன் என்று நான் வாயைத் திறந்தபோதும் அதே கேள்விதான் வந்தது.

"5 வாட்" என்றேன்.

அவள் முகத்தில் இரக்கம் படர்ந்தது. "ஜீரோ வாட் பல்பே 15 வாட் இழுக்கிறது. மிக்ஸி 750. ஐந்து வாட்டில் என்ன பெரிதாகக் கேட்டுவிடும்? வாங்கிக்கொள்ளுங்கள்."

இவ்வளவு எளிதில் அனுமதி கிடைத்த பொருள் எதுவும் எங்கள் வீட்டில் நல்லபடியாக இருந்ததில்லை. அதை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

5 வாட் என்பது ஸ்பீக்கருக்குப் போகிற கணக்கு. இந்த வகை ஆம்ப்ளிஃபயர் சுவரிலிருந்து இழுப்பது அதைப்போல் பல மடங்கு. வாசித்தாலும் இழுக்கும், சும்மா இருந்தாலும் இழுக்கும். இதை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. படிப்பவர்களும் சொல்ல வேண்டாம்.

ஆசை பிறந்தது தாம்பரத்துக்கு அப்பால் ஒரு நண்பர் வீட்டில். தனி வீடு, சுற்றிலும் தென்னை, பக்கத்து வீடு கூப்பிடு தூரத்தில். அவரிடம் ஒரு ஃபெண்டர் புளூஸ் ஜூனியர் இருந்தது: 15 வாட், 12 அங்குல ஸ்பீக்கர், பின்பக்கத்தில் சிவந்து ஒளிரும் வால்வுகள். அதுவரை நான் பத்து வருடமாக ஒரு டிரான்சிஸ்டர் பெட்டியில்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். அதில் ஒலியை உறுமவைக்கும் டிஸ்டார்ஷன் பொத்தானை அழுத்தினால் கொசு பேட்டில் கொசு மாட்டிய சத்தம் வரும். நண்பரின் பெட்டியிலோ தந்தியை மெல்லத் தொட்டால் மணிபோல் ஒலித்தது. அதே தந்தியை ஓங்கி அடித்தால் உறுமியது. நடுவில் எந்தப் பொத்தானும் இல்லை. எல்லாம் விரலில் இருந்தது.

காரணம் எளிது. மலிவான டிரான்சிஸ்டர் பெட்டியை எல்லை மீறித் தள்ளினால் அது ஒலி அலையின் தலையை அரிவாளால் சீவியதுபோல் வெட்டிவிடும். வால்வு அப்படி வெட்டாது. பழைய கோவில் படிக்கட்டுபோல் மெல்ல மழுங்கித் தேயும். காதுக்கு அது வெதுவெதுப்பாக இருக்கும். ஒரே ஒரு நிபந்தனை: வால்வு அப்படி இனிக்க வேண்டுமானால் அதை மூச்சு வாங்க ஓடவிட வேண்டும். வால்யூமைக் குறைத்து வைத்துக்கொண்டால் அதுவும் மற்றொரு பெட்டிதான். இந்த நிபந்தனையை நான் படித்தேன், தலையாட்டினேன், மறந்தும்விட்டேன்.

அடுத்த பத்து இரவுகள் தூக்கமில்லை. ஃபெண்டர் நிறுவனம் 1948இலேயே சாம்பியன் 800 என்று ஒரு குட்டிப் பெட்டியைக் கொண்டுவந்தது, அதன் வாரிசுதான் புகழ்பெற்ற 5 வாட் சாம்ப், கிடார் மேதை எரிக் கிளாப்டன் 1970இல் மயாமியில் பதிவு செய்தபோது அந்தச் சின்னப் பெட்டியைத்தான் வைத்திருந்தார் என்பதையெல்லாம் இரவு ஒரு மணிக்கு மனைவியை எழுப்பிச் சொன்னேன். "அவருக்கு மயாமியில் பக்கத்து வீடு உண்டா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வாக்ஸ் ஏசி4 வாங்கலாமா, 1 வாட்டே உள்ள பிளாக்ஸ்டார் எச்டி-1 போதுமா என்று மனம் ஊசலாடியது. 1 வாட் என்று வெளியே சொல்லவே வெட்கமாக இருந்தது. நாற்பத்து மூன்று வயது ஆண், கழுத்தில் கிடார், 1 வாட். வேண்டாம்.

என் கணக்கு இப்படி ஓடியது: மேடையில் வைப்பது 50 வாட்; 5 வாட் அதில் பத்தில் ஒரு பங்கு; ஆகவே பத்தில் ஒரு பங்கு சத்தம். பத்தாம் வகுப்பில் மடக்கை வாய்பாட்டைத் திறக்காமலே தேறியதன் தண்டனை முப்பது வருடம் கழித்து வந்தது. சத்தம் மடக்கைக் கணக்கில் ஓடுவது. வாட்டைப் பாதியாக்கினால் 3 டெசிபல்தான் குறையும். பத்தில் ஒரு பங்காக்கினால்தான் காதுக்குச் சத்தம் ஏறக்குறையப் பாதியாகத் தோன்றும். அதாவது என் 5 வாட், மேடைக் கச்சேரியில் பாதி. சாதாரண கிடார் ஸ்பீக்கரே 1 வாட்டில் ஒரு மீட்டர் தூரத்தில் 95 டெசிபலை ஒட்டி ஒலிக்கக்கூடியது. நம் நாட்டு ஒலி மாசு விதிகள், 2000ஆம் ஆண்டு வந்தவை, குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 என்று வரம்பு வைத்திருக்கின்றன. நான் வெட்கப்பட்ட 1 வாட்டே அடுக்ககத்துக்கு அதிகம்.

கடையில் வாசித்துப் பார்த்தபோது இது தெரியவில்லை. அங்கே ஒரு மூலையில் ஒரு சிறுவன் டிரம்ஸை உடைத்துக்கொண்டிருந்தான். அந்தச் சத்தத்தில் 5 வாட் பாவமாக, ஒடுங்கி, தத்தெடுக்கச் சொல்வதுபோல் நின்றது. கடைப்பையன் அதில் பத்து விநாடி வாசித்துக் காட்டினான். பிறகு கிடாரை என்னிடம் நீட்டினான். "எனக்கு அவசரமாகப் போக வேண்டும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கடைசியில் வாங்கியது வேளச்சேரியில் ஒருவரிடம், பழையது. 12ஏஎக்ஸ்7 என்று ஒரு குட்டி வால்வு, இஎல்84 என்று ஒரு பெரிய வால்வு, 8 அங்குல ஸ்பீக்கர், ஒரே ஒரு குமிழ். "ஏன் விற்கிறீர்கள்?" என்று கேட்டேன். "குழந்தை பிறந்திருக்கிறது" என்றார். குழந்தைச் செலவு போலிருக்கிறது என்று நினைத்து, பேரம்கூடப் பேசவில்லை. குழந்தையின் தூக்கத்தைத்தான் அவர் சொன்னார் என்பது பின்னால் புரிந்தது.

வீட்டில் சுவிட்சைப் போட்டோம். சத்தமே இல்லை. "போய்விட்டதா?" என்றாள் மனைவி. நாற்காலியிலிருந்து அப்பா, "சூடாகட்டும்" என்றார். அவருடைய இளமை முழுக்க ஒரு வால்வு ரேடியோவின் முன் கழிந்தது. சுவிட்சைப் போட்டுவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தால்தான் இலங்கை வானொலி பேசத் தொடங்கும் என்பார். இருபது விநாடியில் மெல்லிய "உம்ம்" எழுந்தது. அப்பா பெட்டியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அந்தக் காலத்தில் பாட்டுக் கேட்பதற்கே தபால் ஆபீஸில் ரேடியோ லைசென்ஸ் கட்டினோம். நீ வாசிப்பதற்கு ஒன்றும் கிடையாதா?"

குமிழைச் சொட்டுத் திருப்பினேன். அதில் பூஜ்யத்துக்கும் இரண்டுக்கும் நடுவே தலைமுடி அளவுதான் இடம். இந்தப் பக்கம் மௌனம், அந்தப் பக்கம் மாரியம்மன் திருவிழா. ஆறாவது தந்தியில் மூன்றாம் கட்டை அழுத்தி ஓர் அடி அடித்தேன். படுக்கையறைப் பீரோ பதில் சொன்னது.

அந்த ஒரு சுரத்துக்கு மட்டும் பீரோவின் இடதுபக்கக் கதவு "ஜிர்ர்" என்று நடுங்கும். பக்கத்துக் கட்டை அழுத்தினால் வாயே திறக்காது. கல்யாணப் பத்திரிகை ஒன்றை நான்காக மடித்துக் கதவிடுக்கில் செருகினேன். பீரோ அடங்கியது. இரண்டு கட்டு தள்ளி வாசித்தேன். சமையலறை அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுத்தன. அவற்றை ஒன்றுக்குள் ஒன்று இல்லாமல் தனித்தனியாகக் கவிழ்த்து வைத்தேன். அதற்குள் பூஜை அறை மணி தொடங்கிவிட்டது. "சாயங்கால பூஜை ஆகிவிட்டதா?" என்று அப்பா கேட்டார். ஒரு மாதத்தில் எங்கள் வீட்டில் எந்தப் பொருள் எந்தச் சுருதி என்று எனக்கு மனப்பாடம்.

இயர்போன் போட வழியில்லை. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். அட்டென்யுவேட்டர் என்று ஒரு பெட்டி உண்டு. சத்தமாகப் போக வேண்டிய சக்தியை நடுவில் பிடித்து வெப்பமாக மாற்றிவிடும். சென்னையில் வெப்பம் தயாரிக்கத் தனியாக ஒரு பெட்டி வாங்குவதா? அதற்கு எத்தனை வாட் என்ற கேள்வி வேறு வரும். இன்றைக்கு என்னிடம் யாராவது யோசனை கேட்டால், கெயின், மாஸ்டர் என்று இரண்டு குமிழ் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள் என்பேன். முன்பக்கத்துக் குட்டி வால்வை உறுமவிட்டு, வெளியே வரும் சத்தத்தைத் தனியாகக் குறைத்துக்கொள்ளலாம். முழுச் சுகம் வராது, முக்கால் வரும். ஆனால் என்னிடம் யாரும் கேட்பதில்லை.

நான்காம் மாதம் ஆம்ப்ளிஃபயருக்குள் பொரிகடலை வறுக்கும் சத்தம் கேட்டது. வால்வுதான் என்று நண்பர் தொலைபேசியில் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்துக் கோயம்புத்தூரிலிருந்து தங்கை அழைத்தாள். அப்பா எடுத்தார். அவருக்கு ஒரு காது கேட்காது; அந்தக் காதில்தான் எப்போதும் தொலைபேசியை வைத்துக்கொள்வார். அதனால் அவர் பேசுவது மட்டும் நடக்கும், கேட்பது நடக்காது.

"அண்ணனா? எங்கே, சுரத்தே இல்லாமல் இருக்கிறான். வால்வு போய்விட்டதாம். இரண்டுமே மாற்ற வேண்டுமாம்."

மறுமுனையில் என்ன நடந்ததோ.

"ஸ்லோவாக்கியாவிலிருந்து புதிதாக வரவழைக்கலாமாம், விலை அதிகம். பெங்களூரில் செய்த பழையது கிடைத்தால் போதும் என்கிறான். யாரோ வைத்திருந்ததாக இருந்தாலும் பரவாயில்லையாம்."

"..."

"ஆஸ்பத்திரியா? இல்லையில்லை, ரிச்சி தெருவில்தான். சனிக்கிழமை போகிறான். ஒரு மணி நேர வேலை. பஸ்ஸிலேயே வந்துவிடுவான்."

அன்று இரவே தங்கையும் மாப்பிள்ளையும் சேரன் எக்ஸ்பிரஸ் ஏறிவிட்டார்கள். காலையில் கதவைத் திறந்தால் கையில் சாத்துக்குடிப் பையோடு நிற்கிறாள். நான் பனியனோடு காபி குடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் அழுகை நின்றது, கோபம் தொடங்கியது. அந்தக் கோபம் இன்னும் முழுக்க இறங்கவில்லை. மாப்பிள்ளை மட்டும், "எத்தனை வாட் மச்சான்?" என்று அக்கறையாகக் கேட்டார்.

அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் "வால்வு மாற்றத் தெரிந்த ஆள் யாராவது உண்டா?" என்று நான் கேட்டுவைத்திருந்தது தனிக் கதை. அன்று பத்து மணிக்கு ஒரு பிளம்பர் பைப் ரெஞ்சோடு வந்து நின்றார். வந்தவரை வீணாக அனுப்புவானேன் என்று குளியலறைக் குழாயைச் சரிசெய்துகொண்டோம்.

ரிச்சி தெருவில் கைபேசிக் கவர்களும் சார்ஜர்களும் தொங்கும் கடைகளைத் தாண்டி, ஒரு சந்தில், ஒரு மாடிப்படிக்குக் கீழே அந்தப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். ஆம்ப்ளிஃபயரைத் திருப்பி வைத்து, பின்மூடியைக் கழற்றி, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். ஓடிக்கொண்டிருந்த பெட்டியில் குட்டி வால்வின் கண்ணாடியைப் பென்சில் நுனியால் "டக்" என்று தட்டினார். ஸ்பீக்கர் "டிங்ங்" என்றது. "கேட்டீர்களா? இது வால்வு இல்லை, மைக்" என்றார். பெரிய வால்வைத் தட்டினார், பொரிகடலை கொட்டியது. அணைத்து, பிளக்கைப் பிடுங்கியபின்னும் உடனே கை வைக்கவில்லை. உள்ளே 300 வோல்ட் வரை கெப்பாசிட்டரில் தேங்கி நிற்கும் என்றார். இடதுகையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக் கட்டிக்கொண்டு, வலதுகையில் மட்டும் மீட்டரின் கம்பியைப் பிடித்து உள்ளே நுழைத்தார். இரண்டு கையும் உள்ளே போனால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போகும் என்றார். "அப்புறம் நிஜமாகவே வால்வு மாற்ற வேண்டியிருக்கும்." என் வீட்டுக் கதை அவருக்குத் தெரியாது.

நான் "12ஏஎக்ஸ்7" என்று கேட்டேன். அவர் ஈசிசி83 எடுத்துக் கொடுத்தார். இல்லையே என்று நான் இழுத்தபோது, "அமெரிக்காக்காரன் வைத்த பெயர் அது, ஐரோப்பாக்காரன் வைத்த பெயர் இது. உங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர் கிடையாதா?" என்றார். உண்டு. பெரியவர் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விட்டது என் அதிர்ஷ்டம். இஎல்84க்கு ஒரு தகர டப்பாவைத் துழாவி, பழுத்துப்போன அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்தார். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் செய்தது. அந்தக் காலத்து ரேடியோக்களுக்காகச் செய்த வால்வு, என் வயது இருக்கும். என்னைவிட நன்றாக உழைக்கிறது.

வீட்டுக்கு வந்து வாசித்துப் பார்த்தேன். தேன். இரண்டாவது நிமிடம் அழைப்பு மணி அடித்தது. பக்கத்து வீட்டு டீச்சர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. நான்கு மாதமாக நான் எதிர்பார்த்துப் பயந்துகொண்டிருந்த காட்சி. மன்னிப்பைக் கையில் தயாராக வைத்துக்கொண்டுதான் கதவைத் திறந்தேன்.

"தம்பி, சத்தத்தைப் பற்றிச் சொல்ல வரவில்லை" என்றார். "நாலு மாதமாக அந்தப் பாட்டின் முதல் நாலு வரியையே வாசிக்கிறீர்கள். ஐந்தாவது வரி வரப்போகிறது என்று நானும் கையில் கரண்டியோடு நிற்கிறேன். நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறீர்கள். மீதி எங்கே?"

"மீதி இன்னும் வரவில்லை டீச்சர்."

வீட்டுப்பாடம் செய்யாத பையனைப் பார்ப்பதுபோல் ஒரு கணம் பார்த்தார். "ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நான் இட்லிக்குக் கிரைண்டர் போடுவேன். நாற்பது நிமிடம் ஓடும். அந்த நேரத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் சத்தமாக வைத்துப் பழகிக்கொள்ளுங்கள், யாருக்கும் தெரியாது." இரண்டு படி இறங்கியவர் திரும்பினார். "இந்த வாரம் ஆறாவது வரி வரைக்கும்."

ஞாயிறு மூன்றே முக்காலுக்கே சுவிட்சைப் போட்டுச் சூடாக்கி வைத்துவிட்டேன். பீரோ இடுக்கில் பத்திரிகை இருக்கிறது. டம்ளர்கள் கவிழ்ந்திருக்கின்றன. மணியைக் கழற்றி அப்பா மடியில் வைத்துக்கொண்டிருக்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் அரிசியைக் கொட்டும் சத்தம் கேட்டது.