துணிமேல் கிராஃபீன்: உலையடி நாட்குறிப்பு

ஜூன் 3
குவார்ட்ஸ் இழைத் துணி வந்துவிட்டது. வெள்ளை வெளேரென்று, பட்டுப்போல் வழுக்குகிறது. சாதாரண கண்ணாடி இழை மலிவுதான், ஆனால் 850 டிகிரிக்குள் இளகிவிடும். எனக்கு 1,050 டிகிரி வேண்டும். சூட்டில் மீத்தேன் வாயுவை உடைத்து, அதன் கரியை இழைமேல் கிராஃபீனாக, அதாவது அணுவளவே தடிமனுள்ள கரிப் படலமாக, படியவைப்பதுதான் திட்டம். செம்புத் தகட்டில் கிராஃபீன் வளர்ப்பவர்களுக்கு மீத்தேனை உடைக்கச் செம்பே துணை நிற்கும். கண்ணாடியில் அந்த உதவி கிடையாது, எல்லாம் சூட்டைக் கொண்டே நடக்க வேண்டும்.

ஜூன் 5
துணி கறுப்பாக வெளியே வந்ததும் துள்ளிக் குதித்தேன். விரலால் தடவினால் கரி ஒட்டுகிறது. தறியில் பாவுக்குக் கஞ்சி போடுவதுபோல இந்த இழைகளுக்கும் ஒரு பூச்சு உண்டு. அதைக் காற்றில் சுட்டுப் போக்காமல் நேராக, எதையும் எரியவிடாத ஆர்கான் வாயுவில் ஏற்றிவிட்டேன். கருகியது அந்தப் பூச்சுதான். தப்பு என்னுடையது.

ஜூன் 6
500 டிகிரியில், திறந்த காற்றில், இரண்டு மணி நேரம். துணி மறுபடி வெள்ளை.

ஜூன் 10
இன்று அசல் சாம்பல் நிறம். தேய்த்தாலும் கையில் ஒட்டவில்லை. லேசர் ஒளி சிதறுவதை வைத்துப் பொருளை அடையாளம் காணும் ராமன் சோதனையில், கிராஃபீனுக்குரிய 1,580, 2,700 அலை எண்கள் இரண்டிலும் முகடு தெரிகிறது. 1,350-இல் குறைகளைக் காட்டும் முகடும் உயரமாகவே நிற்கிறது. கண்ணாடிமேல் வளர்ந்தால் அது எதிர்பார்த்ததுதான். ஆனால் மல்டிமீட்டர் மின்தடை 18 கிலோ ஓம் என்கிறது. இவ்வளவு ஏன்?

சாயங்காலம் இடுக்கியால் ஓர் ஊடை நூலை உருவி நுண்ணோக்கியில் வைத்தேன். பாவும் ஊடையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு வெள்ளைப் பட்டை. கைக்கடிகாரத்தைக் கழற்றினால் மணிக்கட்டில் தெரியுமே, அப்படி. நூல்கள் நெருக்கி உட்கார்ந்த இடத்துக்குள் வாயு போகவே இல்லை.

ஜூன் 11
கிராஃபீன் ஆக்சைடு (ஆக்சிஜன் சேர்ந்த கிராஃபீன் செதில்கள்) கரைசலில் முக்கி எடுத்தால் போதாதா என்று ஆய்வகத்து அண்ணா கேட்டார். நியாயமான கேள்வி. முக்கினால் செதில் செதிலாகத்தான் ஒட்டும். செதிலுக்குச் செதில் தாண்டும்போது மின்சாரம் திணறும், மடித்து மடித்துத் துவைத்தால் உதிரவும் செய்யும். இழைமேலேயே வளர்ந்தால் ஒவ்வொரு இழைக்கும் தொடர்ச்சியான தோல் மாதிரி அமையும். பெய்ஜிங் பல்கலைக்கழகத்தில் லியூ ஜோங்ஃபான் குழு கண்ணாடி இழைத் துணியில் இந்த வழியில்தான் போனது. எனக்கும் இதில்தான் நம்பிக்கை.

வெள்ளைப் பட்டைகளைப் போக்க, உலைக்குள் வாயு அழுத்தத்தைக் குறைக்கப் போகிறேன். அழுத்தம் குறைந்தால் வளர்ச்சி மெதுவாகும், ஆனால் மூலக்கூறுகள் இடுக்குக்குள் நுழைய வழி கிடைக்கும்.

ஜூன் 14
பம்பு போட்டு, கசிவு இல்லையா என்று இரண்டு தடவை பார்த்தேன். மீத்தேனோடு ஹைட்ரஜனும் உலைக்குள் போகிறது. அது காற்றில் 4 சதவீதம் கலந்தாலே தீப்பற்றும், இதில் அவசரம் கூடாது. மூன்று மணி நேரம் மீத்தேன். அப்புறம் உலை ஆறும்வரை காத்திருப்பு.

நூலை உருவிப் பார்த்தேன். பட்டைகள் இன்னும் இருக்கின்றன, ஆனால் வெள்ளையாக இல்லை, வெளிர் சாம்பல். இரண்டு சென்டிமீட்டர் அகலம், ஐந்து சென்டிமீட்டர் நீளத் துண்டில் 600 ஓம்! முனைகளில் வெள்ளிப் பசை தடவி 30 வோல்ட் கொடுத்தேன். ஒன்றரை வாட்தான். 75 டிகிரிவரை ஏறியது. ஃப்ரீசரிலிருந்து ஒரு பனிக்கட்டிச் சில்லை எடுத்து மேலே வைத்தேன். அடியில் நீர் கோத்து, சில் தானாக வழுக்கிக் கீழே விழுந்தது. காற்றாலை இறக்கையிலும் விமானச் சிறகிலும் படியும் பனியை நீக்க இதைத்தான் கேட்கிறார்கள்.

ஜூன் 15
நேற்றைய துண்டை மடித்தேன். மடிப்போரத்தில் நாலைந்து இழைகள் பட்டென்று ஒடிந்தன. இத்தனை சூட்டில் குவார்ட்ஸ் இழை வலு இழந்துவிடுகிறது. நாளைக்கு 1,000 டிகிரியில், ஐந்து மணி நேரம். துணி வெட்டி வைத்தாயிற்று.