முதலைக்கிட்ட தோத்தாப் பரவால்ல

எங்கள் கேமில் தோணி நகர வேண்டுமென்றால் திரையின் இடப்பக்கமும் வலப்பக்கமும் மாறி மாறித் தட்ட வேண்டும். தட்டத் தட்டச் சவள், அதாவது துடுப்பு, விழும், தோணி வேகமெடுக்கும். அந்த யோசனை என்னுடையதுதான். இருட்டில் மட்டக்களப்பு வாவி, பின்னால் முதலை, தூரத்தில் கல்லடிப் பாலத்து வெளிச்சம். அரசடிப் பக்கம் மாடியில் இரண்டு அறை எடுத்து நாலு பேர் வேலை செய்கிறோம். நாலு பேரும் விரல் நோக விளையாடிப் பார்த்துவிட்டு, உருப்படியாக ஒன்று செய்துவிட்டோம் என்று பீற்றிக்கொண்டோம்.

எங்களில் ஒருத்தியின் சொந்தக்காரப் பொடியன் ஆரையம்பதியில் இருக்கிறான். தென்னையால் விழுந்து கழுத்தில் அடி. தோள் அசையும், முழங்கை மடங்கும், மணிக்கட்டை மேலே தூக்குவான். விரல்கள் அசையாது. “எனக்கும் விளையாடத் தாங்க” என்று அவன் கேட்டனுப்பியதால் ஒரு சனிக்கிழமை போனேன்.

போனை மேசையில் வைத்து, மடங்கிய விரலின் மூட்டால் தட்டினான். மூன்றாவது தட்டுக்குள் முதலை வந்துவிட்டது. ஏழு தரமும் அப்படித்தான். எனக்கு ஒரு மாதிரிப் போய்விட்டது. “லேசாக்கித் தாறன் தம்பி, முதலைய எடுத்துவிடுறன்” என்றேன்.

“முதலைய ஏன் அண்ணே எடுக்கிறீங்க? முதலைக்கிட்ட தோத்தாப் பரவால்ல. இப்ப நான் தோக்கிறது இந்தத் தட்டுறதுக்கிட்ட.”

திரும்பி வரும்போது காத்தான்குடி தாண்டும்வரை இதே நினைப்பு. சவள் சத்தம் முதலைக்குக் கேட்கும். எப்போது வலிப்பது, எப்போது கரையோரக் கண்டல் மரங்களுக்குள் ஒதுங்குவது என்பதுதான் கேம். விரல் வேகத்துக்கு அதில் வேலையே இல்லை. எல்லாக் கேமிலும் இருக்கிறது என்று நானும் போட்டிருக்கிறேன்.

தட்டுவதற்குப் பதில் அழுத்திப் பிடித்தால் போதும் என்று மாற்ற ஒரு பின்னேரம்தான் எடுத்தது. அவனுக்கு அது வாய்த்தது. கையை அதன் பாரத்திலேயே வைத்துவிடலாம், தூக்குவதுதான் வேலை. தீர்ந்தது என்று நினைத்தேன். கல்முனையில் தசை பலவீனமாகிக்கொண்டே போகும் நோயுள்ள ஒரு பிள்ளையிடம் கொடுத்தபோது, பிடித்துக்கொண்டிருக்க அவளுக்குக் கை நடுங்கியது. அவளுக்கு ஒருமுறை தொட்டால் ஓட வேண்டும், மறுமுறை தொட்டால் நிற்க வேண்டும். ஆகவே மூன்றையும் வைத்தோம், ஆளுக்கு வாய்த்ததை ஆள் எடுத்துக்கொள்ளட்டும். தம்பிக்கு இடையிடையே கால் இழுத்து உடம்பு குலுங்கும். கை தானாகவே இரண்டு தரம் படும். 0.4 செக்கனுக்குள் வரும் இரண்டாவது தொடுகையைக் கணக்கில் எடுக்காமல் விட்டோம்.

நான் எதிர்பார்க்காதது வேறொன்று. ஒரே இடத்தில் அமர்ந்திருந்தால் அவனுக்குப் படுக்கைப்புண் வந்துவிடும். அதனால் அரை மணிக்கொரு தரம் அம்மா வந்து, “மனே, கொஞ்சம் சரியுங்க” என்று தூக்கிச் சரிப்பார். ஒருமுறை சரியாக முதலை துரத்தும் நேரம் வந்தார். எங்கள் கேமில் நடுவில் நிறுத்தவே முடியாது. விறுவிறுப்பு கெட்டுவிடும் என்று நான்தான் பிடிவாதமாக இருந்தேன். அம்மா மகனைச் சரித்துக்கொண்டிருக்க, திரையில் முதலை அவனைத் தின்றது. மூவருமே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நிறுத்தும் பட்டன் போட இரண்டு கிழமை போனது. முதலைக்கு ஒரு கடிகாரம், அலைக்கு ஒன்று, சத்தத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக எழுதி வைத்திருந்தோம். ஒன்று நின்றால் மற்றது ஓடும். இவனை முதல் மாதமே சந்தித்திருந்தால் அப்படி எழுதியிருக்கமாட்டோம். 

2018இல் மைக்ரோசொஃப்ட் தன் எக்ஸ்பொக்ஸ் கேம் பெட்டிக்கு, கை சரியாக இயங்காதவர்களும் விளையாடவென்று ஒரு கொன்ட்ரோலர் விட்டது. இரண்டு பெரிய பட்டன், பின்னால் 3.5 மில்லிமீற்றர் துளைகள் 19. ஹெட்போன் குத்துகிற அதே அளவுத் துளை, அந்த முனையுள்ள சுவிட்சுகளைச் செருகலாம். 100 டொலர் விலையை நினைத்துப் பார்த்துவிட்டு, அதன் உத்தியை மட்டும் எடுத்துக்கொண்டோம். பழைய மவுஸைத் திறந்து இடது பட்டனில் இரண்டு வயர் பற்றவைத்து, அழைப்புமணிச் சுவிட்ச் ஒன்றைக் கோத்தேன். இறுக்கமாக இருந்தது, அவனால் அமத்த முடியவில்லை. மறுகா ஐஸ்கிறீம் டப்பா மூடிக்குக் கீழே பஞ்சு வைத்து, மவுஸுக்குள் இருந்த சின்னச் சுவிட்சையே பொருத்தினேன். கையை வைத்தாலே ‘டிக்’ என்றது.

இவ்வளவுக்கும் அவனுக்குச் சம்பளம் தர வேண்டும் என்று இரண்டு மாதம் எனக்குத் தோன்றவே இல்லை. கேட்டது அவன்தான்.

போன சனிக்கிழமை பாலத்தடிவரை வந்து முதலையிடம் மாட்டினான். வாயில் வந்ததைச் சொல்ல, குசினியிலிருந்து அம்மா ஏசினார். அவன் என் பக்கம் திரும்பினான்.

“அண்ணே, கண்டலுக்குள்ள பூந்தா முதலை வாறதே இல்ல. அது பிழை. உள்ளுக்கும் வரணும். எழுதுங்க.”

எழுதினேன்.