கூரியர்காரரும் தோசைத் துண்டும்: நாய்ப் பயிற்சியாளர் தேர்வுக்குப் படித்த அனுபவம்

நாய்ப் பயிற்சியாளர்களுக்கான சிபிடிடி-கேஏ (CPDT-KA) என்ற சான்றிதழ்த் தேர்வை எழுதுவது என்று நான் முடிவு செய்த சமயத்தில், எங்கள் வீட்டுக்கு இரண்டு மாதத் தெருநாய்க் குட்டி ஒன்று வந்து சேர்ந்தது. மணி என்று பெயர் வைத்தோம். நான் படித்ததில் பாதி புத்தகத்தில், மீதி மணியிடம். இப்போது தயாராகிறவர்கள் என்னிடம் எதைப் படிப்பது என்று கேட்கிறார்கள். எனக்குச் சிக்கலாக இருந்தது எப்படிப் படிப்பது என்பதுதான். அதைச் சொல்கிறேன்.

தேர்வில் 180 கேள்விகள், 3 மணி நேரம். எல்லாமே கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகை. எழுதத் தகுதி பெற, கடைசி 3 ஆண்டுகளில் 300 மணி நேரமாவது நாய்ப் பயிற்சி அனுபவம் வேண்டும். விதிகள் அவ்வப்போது மாறும் என்பதால் விண்ணப்பிக்கும் முன் அப்போதைய கையேட்டைப் பார்த்துவிடுங்கள். நாயின் இயல்பு, பராமரிப்பு, கருவிகள், ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் திறன் என்று பல பகுதிகள் உண்டு. என்னைத் திணறடித்தது கற்றல் கோட்பாடு.

பாசிட்டிவ் என்றால் நல்லது, நெகட்டிவ் என்றால் கெட்டது என்று நமக்குள் பதிந்திருக்கிறது. இந்தப் பாடத்தில் அவை வெறும் கூட்டல் குறியும் கழித்தல் குறியும்தான். ஒரு செயலுக்குப் பிறகு ஏதோ ஒன்று வந்து சேர்ந்தால் பாசிட்டிவ், இருந்த ஒன்று போய்விட்டால் நெகட்டிவ். அதனால் அந்தச் செயல் கூடினால் வலுவூட்டல், குறைந்தால் தண்டனை. மாதிரிக் கேள்வி ஒன்று: கூரியர்காரரைப் பார்த்து நாய் குரைக்கிறது, அவர் போய்விடுகிறார், நாளுக்கு நாள் குரைப்பு கூடுகிறது. இது என்ன? யாரும் நாய்க்கு எதுவும் கொடுக்கவில்லையே என்று குழம்பி, தண்டனை என்று குறித்தேன். தவறு. அது நெகட்டிவ் வலுவூட்டல். அவர் பார்சலைக் கொடுத்துவிட்டுத்தான் போகிறார் என்பது நாய்க்கு எங்கே தெரியும்? குரைத்தோம், தொல்லை விலகியது. அதன் கணக்கு அவ்வளவுதான்.

அன்றிலிருந்து எந்தக் கேள்வி வந்தாலும் மூன்றை மட்டும் கேட்டுக்கொண்டேன். யாருடைய செயல்? அதன் பின் என்ன வந்தது அல்லது போனது? அடுத்த முறை அந்தச் செயல் கூடியதா, குறைந்ததா? மணி மேலே தாவும்போதெல்லாம் நான் கையால் தள்ளிவிடுவேன், கண்டிப்பதாக நினைத்துக்கொண்டு. தாவல் கூடிக்கொண்டே போனது. தள்ளுவது அவனுக்கு விளையாட்டாக இருந்திருக்கிறது. நான் என்ன நினைத்துச் செய்தேன் என்பது இதில் கணக்கிலேயே வராது. பிறகு அவன் நாலு காலும் தரையில் இருக்கும்போது மட்டும் குனிந்து தடவிக் கொடுத்தேன். மெல்ல மாறினான்.

நோட்டில் வரையறைகளை எழுதுவதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் வீட்டில் நடந்த ஒரு சம்பவத்தை எழுத ஆரம்பித்தேன். நான் எழுதிய தேர்வில் கேள்விகள் ஆங்கிலத்தில்தான் வந்தன. ஆனால் தமிழில் யோசித்து எழுதி வைத்தது மறக்கவே இல்லை.

ஒரு உதாரணம். சாப்பிடும்போது மணி பக்கத்தில் நின்று குரைப்பான். யாரும் எதுவும் தரக்கூடாது என்று வீட்டில் முடிவு செய்தோம். முதல் இரண்டு நாள் வழக்கம்போல் குரைத்தான். மூன்றாம் நாள் தெருவே திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினான். பலன் கிடைத்துவந்த செயலுக்கு அது திடீரென்று நின்றுபோனால், அந்தச் செயல் அடங்குவதற்கு முன் பல சமயம் ஒருமுறை பொங்கும். பாட்டிக்கு மனசு கேட்கவில்லை, ஒரு துண்டு தோசையைப் போட்டுவிட்டார். "இவ்வளவு சத்தமாகக் குரைத்தால்தான் கிடைக்கும்" என்று அன்றைக்கு மணி கற்றுக்கொண்டான். எப்போதாவது கிடைக்கும் பரிசு செயலை இன்னும் விடாப்பிடியாக்கும் என்ற பாடமும் அதே தோசைத் துண்டில் இருந்தது. பாட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. சமையலறை வாசலில் ஒரு பாயை விரித்து, அதில் மணி படுத்திருக்கும்போது ஒரு துண்டு வேகவைத்த கோழி ஈரல் போடும் வேலையைப் பாட்டியிடமே கொடுத்தேன். பாயில் படுத்துக்கொண்டே பக்கத்தில் வந்து நின்று கத்த முடியாது அல்லவா? பொருந்தாத மாற்றுச் செயலை வலுவூட்டுவது என்று புத்தகம் சொல்வது இதைத்தான். ஈரல் துண்டு பாதிக் கொண்டைக்கடலை அளவு போதும். சைவ வீடுகளில் பனீர்.

ஒரு சத்தத்தைத் தொடர்ந்து உணவு வந்துகொண்டே இருந்தால், அந்தச் சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறும் என்று காட்டிய ரஷ்ய விஞ்ஞானி பாவ்லவின் பகுதியை எனக்குப் புரியவைத்தது தீபாவளி. வெடிச் சத்தத்துக்கு நாயைப் பழக்கும்போது சத்தம் முதலில், தின்பண்டம் அதற்குப் பின். மாற்றிச் செய்தால் ஈரலைக் கண்டாலே வெடி வரப்போகிறது என்று நாய் பயப்பட ஆரம்பித்துவிடும். போனில் பதிவு செய்த வெடிச் சத்தத்தை, காது மட்டும் திரும்பும் அளவுக்கு மெல்லியதாக வைத்து, தீபாவளிக்குப் பல மாதங்கள் முன்பே தொடங்கினேன். பயந்த நாய்க்குத் தின்னக் கொடுத்தால் பயம் வளரும் என்று பலர் நம்புகிறார்கள். பயம் ஒரு உணர்ச்சி. நாய் பலனுக்காக அதைச் செய்வதில்லை.

குட்டிகளைப் பற்றிய கேள்விகளில் 3 வாரம் முதல் ஏறத்தாழ 14 வாரம் வரையிலான காலத்தை நன்றாகப் படியுங்கள். புதிய ஆட்களும் சத்தங்களும் இடங்களும் பயமில்லாமல் மனதில் பதியும் பருவம் அது. தடுப்பூசி முடியாத குட்டியை நம் தெருக்களில் இறக்கிவிட்டால் குட்டிகளைக் கொல்லக்கூடிய பார்வோ வைரஸ் நோய் வரும் அபாயமும் உண்மை. மணியைத் தோளில் தூக்கிக்கொண்டே பேருந்து நிறுத்தம் வரை போய் வந்தேன், தரையில் விடவில்லை.

வரலாற்றில் பெயர்களும் வேலையும் தெரிந்தால் போதும்: 1898இல் பூனைகளைப் பெட்டிக்குள் வைத்துச் சோதித்த தார்ண்டைக், பலன்கள் செயலை எப்படி மாற்றுகின்றன என்று ஆராய்ந்த ஸ்கின்னர், ஸ்கின்னரிடம் படித்துவிட்டு விலங்குப் பயிற்சியையே தொழிலாக்கிய பிரெலண்ட் தம்பதி.

படித்து வராத ஒன்று நேரக் கணிப்பு. செய்தது சரி, பரிசு வருகிறது என்று நாய்க்குச் சொல்லும் சத்தம்தான் "கிளிக்"; அதை எழுப்பும் சிறு கருவி கிளிக்கர். நாய் உட்கார்ந்த அந்தக் கணத்திலேயே "கிளிக்" வர வேண்டும், தாமதித்தால் அது எழுந்ததற்குப் பரிசு கொடுத்ததாகிவிடும். கிளிக்கர் இல்லாவிட்டால் நாக்கைச் சுண்டிச் சத்தம் எழுப்பலாம். முதலில் நாய் இல்லாமல் பழகுங்கள்: ஒருவர் பந்தைக் கீழே போடட்டும், அது தரையைத் தொடும்போது சரியாகச் சுண்டுங்கள். மணிக்கான பயிற்சி ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நிமிடம்தான், ஆனால் ஒரு நாளைக்குப் பலமுறை.

ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பகுதியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "அடிச்சாத்தான் அடங்கும்" என்று சொல்லும் பெரியவரிடம் வாதாடி நான் ஒரு முறைகூட ஜெயித்ததில்லை. "ஐயா, இந்தத் துண்டை நீங்களே கொடுத்துப் பாருங்கள்" என்று கையில் கொடுத்து, அவர் சரியாகச் செய்த ஒன்றைக் குறிப்பிட்டுப் பாராட்டும்போது கேட்கிறார். வலுவூட்டல் மனிதர்களுக்கும் பொருந்தும், தேர்விலும் அந்தப் பார்வை உதவும்.

தேர்வு நாளில் ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்தான் கணக்கு. "இவற்றில் எது அல்ல" என்று முடியும் கேள்விகளில் நான் வேகமாகப் படித்து இரண்டு முறை ஏமாறப் பார்த்தேன், நிதானமாகப் படியுங்கள். குழப்பினால், யாருடைய செயல் என்று தொடங்கும் அந்த மூன்று கேள்விகளுக்குத் திரும்புங்கள்.

அப்புறம், தகுதிக்கான அந்த 300 மணி நேரக் கணக்கு. அதை முதல் நாளிலிருந்தே எழுதுங்கள்: தேதி, நாயின் வயது, என்ன பயிற்சி, எத்தனை நேரம். நான் ஆறு மாதம் கழித்துத்தான் தொடங்கினேன், அதுவரை செய்த வேலையில் பாதியைக் கணக்கில் காட்ட முடியவில்லை. ஏற்கனவே சான்றிதழ் பெற்ற பயிற்சியாளரோ கால்நடை மருத்துவரோ உங்களுக்காக உறுதிச் சான்று தர வேண்டியிருக்கும். கடைசி வாரத்தில் போய் நிற்காமல், உங்கள் வேலையை நேரில் பார்க்கும்படி அவர்களை முன்கூட்டியே ஒரு நாள் பயிற்சிக்கு அழையுங்கள்.