வங்கி சுவாதீனம் எடுக்கும் வீட்டிலிருந்து எதை எடுத்துச் செல்லலாம்?

கடன் கட்டாததால் நீலகிரியில் வங்கிக்காக வீட்டைச் சுவாதீனம் எடுக்க, அதாவது வங்கியின் வசம் கொண்டுவரப் போகிறவர்கள், கதவைத் திறந்ததும் சில வீடுகளில் மொட்டைச் சுவர்களைப் பார்ப்பார்கள். ஸ்விட்ச் போர்டு, குழாய், ஜன்னல் கதவு எல்லாம் பெயர்த்து எடுத்தாயிற்று. வேறு சில வீடுகளில் அடுப்பில் வைத்த பாத்திரம் முதல் பிள்ளைகளின் மார்க் ஷீட் வரை அப்படியே கிடக்கும். ஜப்தி என்றால் எல்லாமே பேங்குக்குத்தான் என்று நினைத்து, மாற்றுத் துணியோடு மட்டும் கிளம்பியிருப்பார்கள். இந்த இரண்டாவது வகை வீடுகளைப் பார்க்கும்போதுதான் மனசு கனக்கும். யாரும் கேட்காத பொருளை அந்தக் குடும்பம் விட்டுப் போயிருக்கிறது.

வங்கிக்கு ஈடாகக் கொடுத்தது நிலமும் கட்டடமும். கடன் கட்டாதவரின் ஈட்டுச் சொத்தை வங்கி எடுக்க வழி செய்யும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் 13(4) பிரிவில் வங்கிக்குத் தரும் அதிகாரம், ஈடாக வைத்த சொத்தின் மீது மட்டுமே. கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ், துணிமணி, பாத்திரம், சாமி படங்கள், கொட்டகையில் நிற்கும் மாடு எதுவும் அதில் சேராது. ஒரே ஒரு விலக்கு உண்டு. ஊட்டி, குன்னூர் பக்கம் ஹோம்ஸ்டே, காட்டேஜ் நடத்துகிறவர்கள் தொழில் கடன் வாங்கும்போது மெத்தை, டிவி, சமையலறைச் சாமான் வரை ஹைப்பாதிகேஷன் (அசையும் பொருளை ஈடு காட்டும்) பத்திரத்தில் எழுதிக் கொடுத்திருப்பார்கள். அப்படி எழுதியிருந்தால் அவையும் ஈடுதான். ஆகவே முதல் வேலை, கடன் பத்திரங்களின் நகலை எடுத்து, கடைசிப் பக்கங்களில் இருக்கும் அட்டவணையைப் படிப்பது.

படிக்கும்போது சொத்து விவரத்தில் இன்னொன்றும் கண்ணில் படும். ‘கதவு, நிலவு (வாசற்கால்), ஜன்னல், மின் இணைப்பு, அதற்குண்டான டெபாசிட் தொகை சகிதம்’ என்று நம் பத்திரங்களில் எழுதுவது வழக்கம். எழுத்தர் பழக்கத்தில் எழுதுகிற வரி என்று தள்ளிவிடக் கூடாது. சொத்து மாற்றுச் சட்டம், 1882-ன் 8-ஆம் பிரிவும் இதையேதான் சொல்கிறது. வீடு கைமாறினால் பூட்டு, சாவி, தாழ்ப்பாள், கதவு, ஜன்னல், வீட்டோடு நிரந்தரமாகப் பயன்படுவதற்கென்று வைத்த மற்றவை எல்லாம் சேர்ந்தே போகும். அதே சட்டத்தின் 3-ஆம் பிரிவு, மண்ணில் வேரூன்றிய மரம், மண்ணில் பதித்த சுவர், அந்தச் சுவரின் நிரந்தரப் பயனுக்காக அதோடு பொருத்தியது ஆகியவற்றை நிலத்தோடு ஒட்டியவை என்கிறது. ஆகவே ஒவ்வொரு பொருளையும் பார்த்துக் கேட்க வேண்டியது இரண்டு கேள்விகள். எவ்வளவு உறுதியாகப் பொருத்தியிருக்கிறது? வீட்டுக்காகப் பொருத்தியதா, குடியிருப்பவரின் வசதிக்காகவா?

மலை வீடுகளில் இந்தக் கேள்வி கணப்பு அடுப்பில் வந்து நிற்கும். அடுப்புக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும் இரும்புக் கூடை, இடுக்கி, சாம்பல் தட்டு எல்லாம் கையோடு கொண்டுபோகலாம். சிமெண்டில் பதித்த வார்ப்பிரும்புச் சட்டம், மேலே உள்ள மரத் தட்டு, சுற்றிப் பதித்த ஓடுகள் ஆகியவை வீட்டைச் சேர்ந்தவை. தனியாக நிற்கும் விறகு அடுப்பு என்றால் உரிமை உங்களுடையதாகவே இருக்கலாம். ஆனால் அதன் புகைக்குழாய் தகரக் கூரையைத் துளைத்துப் போகும். அடுப்பை மட்டும் கழற்றிக்கொண்டு துளையை மூடாமல் விட்டால், தென்மேற்குப் பருவமழை ஒரே மாதத்தில் மரத் தரையைக் கெடுத்துவிடும். அந்தச் சேதம் உங்கள் கணக்கில்தான் எழுதப்படும். தகரத் துண்டை வைத்து, சீலன்ட் போட்டு அடைத்து, படமும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சுவரில் இரண்டு ஆங்கர் போல்ட்டில் தொங்கும் 15 லிட்டர் கீசரை எடுத்துச் செல்வதைப் பெரும்பாலான அதிகாரிகள் ஆட்சேபிப்பதில்லை. கழற்றும் முறையில்தான் தகராறு வரும். முதலில் மின்சாரத்தை நிறுத்தும் எம்சிபி ஸ்விட்சை இறக்கி, தண்ணீர் வரும் ஆங்கிள் வால்வை மூடி, தொட்டியில் உள்ள தண்ணீரை முழுக்க வடிய விட வேண்டும். குளிர் நீர், வெந்நீர் குழாய் முனைகள் இரண்டிலும் டெஃப்லான் டேப் சுற்றி அரை இஞ்ச் எண்ட் பிளக் போட வேண்டும். ஒயர் முனைகளைத் தனித்தனியாக டேப் சுற்றி மூட வேண்டும். இதைச் செய்யாமல் போன வீட்டில் யாரோ மெயின் வால்வைத் திறந்தால் கீழ்த் தளம் வரை நனையும். சுவருக்குள் குழாய் பதித்து முழு வீட்டுக்கும் வெந்நீர் தரும் பாய்லர் என்றால் அதைத் தொடக்கூடாது. கூரையில் நிறுத்திய சோலார் ஹீட்டர் வழக்குக்கு இடமான பொருள். தானே கழற்றாமல் எழுதிக் கேட்பதே நல்லது.

தள்ளுவண்டியில் நிற்கும் இன்வர்ட்டரும் பேட்டரியும் எடுத்துச் செல்லக் கூடியவை. அதற்காக இழுத்த ஒயரிங் இருக்கட்டும். குழாய் இணைத்த மேல்நிலைத் தொட்டியும், கிணற்றில் இருந்து வீட்டுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரும் வீட்டின் நிரந்தரப் பயனுக்கானவை என்பதால் விட்டுவிட வேண்டும். மழைநீர் பிடிக்க வைத்த டிரம் உங்களுடையது. மின் மீட்டர் வாரியத்துடையது, கேஸ் சிலிண்டர் எண்ணெய் நிறுவனத்துடையது. சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்தால் டெபாசிட் திரும்பக் கிடைக்கும். அவசரத்தில் பலரும் மறந்துவிடும் பணம் இது. மாடுலர் கிச்சனில் சுவரோடு திருகிய பெட்டிகள் வீட்டோடு நிற்கும். கிரானைட்டில் இறக்கி வைத்த அடுப்பும் சிமினியும் பேசித் தீர்க்க வேண்டியவை.

பழைய பங்களாக்களில் தேக்கு, ஈட்டிக் கதவுகளுக்கும் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களுக்கும் தரைப் பலகைக்கும் விலை பேசி வியாபாரிகள் வருவார்கள். கடன் நெருக்கடியில் இருப்பவருக்கு அது பெரிய தொகையாகத் தெரியும். ஆனால் கடனைக் கட்டச் சொல்லி சர்ஃபேசி சட்டத்தின்படி வங்கி அனுப்பும் 13(2) நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு, வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் ஈட்டுச் சொத்தை விற்கக் கூடாது என்று 13(13) தடை போடுகிறது. சட்டத்தை மீறினால் 29-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். பணக் கணக்கும் எதிராகத்தான் போகும். கடன் கொடுக்கும்போது மதிப்பீட்டாளர் எடுத்த படங்கள் வங்கியில் இருக்கின்றன. ஏலத்துக்கு முன் மறுபடி மதிப்பிடும்போது கதவில்லாத வீட்டுக்குக் குறைந்தபட்ச விலை இறங்கும். ஏலத்தில் வந்த பணம் கடனுக்குப் போதவில்லை என்றால் மீதியைக் கேட்டு வங்கி 13(10)-ன் கீழ் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகும். கூடுதலாக வந்தால் 13(7)-ன்படி மிச்சப் பணம் உங்களுக்கு வர வேண்டும். கதவை விற்றவர் தனக்கு வரவேண்டிய பணத்தையே குறைத்துக்கொள்கிறார்.

மரங்களுக்கும் இதே கதிதான், அதோடு இன்னொரு சட்டமும் சேரும். தோட்டத்து ஓரத்தில் நிற்கும் சில்வர் ஓக்கும் சைப்ரஸும் நிலத்தோடு சேர்ந்தவை. அடமானம் இல்லாத நிலத்தில்கூட 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப் பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி வாங்காமல் வெட்ட முடியாது. தொட்டியில் வளர்க்கும் ரோஜாவையும் ஆர்க்கிடையும் தாராளமாக எடுத்துப் போகலாம். மண்ணில் நட்ட ஹைட்ரேஞ்சியாவைப் பிடுங்க வேண்டாம், பதியன் போட்டுக்கொள்ளலாம். கேரட், உருளைக்கிழங்கு விளைகிற நிலமும் தேயிலை பறிக்கிற நிலமும் விவசாய நிலம் என்ற முறையில் சர்ஃபேசி சட்டத்தின் 31(i) பிரிவில் அந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கலாம். ஆனால் வருவாய்ப் பதிவேட்டில் விவசாய நிலம் என்று இருந்தால் மட்டும் போதாது, உண்மையில் விவசாயம் நடக்க வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நாட்களைப் பொறுத்தவரை பதற்றப்பட வேண்டியதில்லை, தூங்கவும் கூடாது. 13(2) நோட்டீஸ் 60 நாள் அவகாசம் தருகிறது. ஆட்சேபம் எழுதினால் 15 நாளில் வங்கி பதில் சொல்ல வேண்டும். பிறகு கேட்டில் ஒட்டும் சுவாதீன அறிவிப்பு, 7 நாளுக்குள் இரண்டு செய்தித்தாள்களில் விளம்பரம். இது பெரும்பாலும் அடையாளச் சுவாதீனம்தான். வீட்டில் குடியிருந்துகொண்டே பொருள்களை ஒழுங்காக எடுத்துச் செல்ல நேரம் இருக்கிறது. வங்கியின் நடவடிக்கையை எதிர்த்துக் கோவையில் உள்ள தீர்ப்பாயத்தில் 17-ஆம் பிரிவில் மனுப் போட 45 நாள் உண்டு. அடையாளச் சுவாதீனத்துக்குப் பிறகு வங்கி 14-ஆம் பிரிவில் கலெக்டரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ உத்தரவு வாங்கும், வக்கீல் கமிஷனர் போலீசோடு வருவார். அன்றைக்கு மூட்டை கட்டலாம் என்று இருந்துவிடக் கூடாது. குன்னூர், கோத்தகிரியில் எத்தனையோ வீடுகளுக்கு ரோடு கிடையாது. படிக்கட்டு வழியாகத் தலைச்சுமையாகத்தான் லாரிக்குக் கொண்டுவர வேண்டும், மழையும் மூடுபனியும் வேறு. கனமான பொருள்களை ஒரு வாரம் முன்பே இறக்கிவிட வேண்டும். பத்திரங்கள், சான்றிதழ்கள், ரேஷன் கார்டு, மருந்து, நகை ஆகியவை எல்லாவற்றுக்கும் முன்னால்.

சுவாதீன நாளில் உங்களைக் காப்பாற்றுவது பொருள் பட்டியல் ஒன்றுதான். அன்று சாட்சிகளோடு எழுதும் மகஜர் என்ற பதிவில் ‘பழைய சாமான்கள் 1 லாட்’ என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். ‘தேக்குக் கட்டில் 1, ஒரு காலில் விரிசல், எவர்சில்வர் அண்டா 2, ஃபிரிட்ஜ் 1, அதன் வரிசை எண்’ என்று அறைவாரியாக எழுதச் சொல்ல வேண்டும். பூட்டிய பீரோவைச் சாட்சிகள் முன்னிலையில் திறந்து காட்ட வேண்டும். கழற்றி எடுத்தவற்றையும் ‘கீசர் எடுக்கப்பட்டது, குழாய் முனை அடைக்கப்பட்டது’ என்று பதிவு செய்யலாம். மின் மீட்டர் ரீடிங்கையும் குறித்து, நகலைக் கையில் வாங்கிய பிறகே சாவி கொடுப்பது. வாடகைக்கு இருப்பவர் தன் பொருள்களைத் தனிப் பட்டியலாக எழுத வைக்க வேண்டும்.

முன்னதாகவே சந்தேகப் பொருள்களைப் பட்டியலிட்டு, படம் சேர்த்து, வங்கியின் அங்கீகரிக்கப்பட்ட அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புவது நல்ல பழக்கம். ‘கீழ்க்கண்டவை என் சொந்த அசையும் பொருள்கள், இன்ன தேதியில் எடுக்கிறேன், ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கவும்’ என்ற மூன்று வரி போதும்.

அன்று எடுக்க முடியாமல் எதையாவது விட்டு வர நேர்ந்தால், பூட்டிய வீட்டில் கம்பளி, மெத்தை, புத்தகம் ஆகியவை முதலில் பூசணம் பிடிக்கும். அவற்றை முன்னால் எடுத்துவிட வேண்டும். அரிசி, வெல்லம், எண்ணெய் எதையும் சமையலறையில் விடக்கூடாது. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் எண்ணெய் வாசனைக்குக் கரடி கதவை உடைத்து உள்ளே வரும். மீதிப் பொருள்களை எடுக்க இத்தனை நாள் என்று வங்கி கடிதம் அனுப்பும். வாடகை வீட்டு முகவரியை எழுத்தில் கொடுக்காததால் அந்தக் கடிதம் பூட்டிய வீட்டின் கதவிலேயே ஒட்டப்பட்டு, யாரும் படிக்காமல் கெடு தாண்டிப் போவது அடிக்கடி நடக்கிறது. ஆகவே புது முகவரியையும் போன் நம்பரையும் மகஜரிலேயே எழுதச் சொல்லுங்கள். வீடு ஏலம் போய் விற்பனைச் சான்று வேறொருவர் பெயருக்கு வருவதற்குள் பொருள்களை எடுத்துவிட்டால், புதிதாக வாங்கியவரின் வாசலில் போய் நின்று கேட்க வேண்டியிருக்காது.