வைத்தியரே வீட்டுக்கு வரலாம் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை

மேற்கு அவுஸ்திரேலியாவில், பெர்த் நகரிலிருந்து 300 கிலோமீட்டருக்கும் அப்பால், கோதுமை வயல்களுக்கு நடுவே உள்ள சிற்றூரில் வசிக்கிறோம். இயக்க நரம்பணு நோயால் கைகளும் கழுத்தும் தளர்ந்துவிட்ட என் அப்பா, மருத்துவ உதவியுடனான சுயவிருப்ப மரணத்தைக் கோருவதென்று தாமே முடிவெடுத்தார். அந்த முடிவு சரியா தவறா என்று விவாதிக்க நான் இதை எழுதவில்லை. நகரத்துக்கு வெளியே இருப்பவர்கள் எந்த இடத்தில் இடறுவார்கள் என்பதை, இடறி எழுந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

இதற்கான மாநிலச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. குடியுரிமை, வதிவிடம், நோயின் நிலை ஆகியவற்றுக்கான ஆவணங்களைத் திரட்ட எங்களுக்கு ஒரு வாரம் போதுமாயிருந்தது. சிக்கல் பயணத்தில்தான் தொடங்கியது. உரிய பயிற்சி முடித்த வைத்தியர் எங்கள் வட்டாரத்தில் கிடைக்கவில்லை. பயண உதவி பற்றி விசாரித்த அலுவலகத்தில், புற்றுநோய்க்கும் இதய நோய்க்கும் நகரத்துக்குச் செல்பவர்கள் நிரப்பும் ‘பாட்ஸ்’ என்னும் பயண உதவித் திட்டப் படிவத்தை எடுத்துக் கொடுத்து, பெர்த்துக்கு அழைத்துச் செல்லுமாறு கூறினார்கள். அப்பாவுக்கு ஆங்கிலம் போதாது என்றபோது, “வழக்கம்போலத் தொலைபேசியில் உரைபெயர்ப்பாளரை இணைத்துக்கொள்வார்கள்” என்று அந்த எழுத்தர் உறுதியாகச் சொன்னார். நான் நம்பிவிட்டேன்.

விடியுமுன் புறப்பட்டோம். அப்பாவின் தலை நிற்காது என்பதால் துவாய் ஒன்றைச் சுருட்டிக் கழுத்தின் இடப்புறம் வைத்திருந்தேன். வீதி குலுங்கும்போதெல்லாம் அது நழுவியது. வண்டியை நிறுத்தி மீண்டும் செருகினேன். எத்தனை முறை நிறுத்தினேன் என்று எண்ணவில்லை. நான்கு மணி நேரப் பயணம் ஆறு மணி நேரமாயிற்று. பெர்த்தில் வைத்தியர் அன்போடுதான் வரவேற்றார். ஆனால் உரைபெயர்ப்பாளர் தொலைபேசியில் இருக்கிறார் என்று தெரிந்ததும் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மாநிலச் சட்டம் அனுமதித்தாலும், தொலைபேசி, இணையம் வழியாகத் தற்கொலையைத் தூண்டும் அல்லது அதற்கான வழியைக் கூறும் தகவல்களைப் பரிமாறுவதைத் தடுக்கும் மத்திய அரசின் குற்றவியல் சட்டப் பிரிவுகள் இருக்கின்றன. சுயவிருப்ப மரணமும் ‘தற்கொலை’ என்ற சொல்லுக்குள் அடங்கும் என்று 2023 நவம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே அந்த உரையாடலைத் தொலைபேசியில் நடத்த அவர் துணியவில்லை. நானே மொழிபெயர்க்கிறேன் என்றேன். குடும்பத்தினர் உரைபெயர்ப்பாளராக இருக்கச் சட்டம் இடம் தராது. வந்த வழியே திரும்பினோம். இரவு கட்டிலில் கிடத்தியபோது அப்பா குழறிய குரலில், “இன்னும் எத்தனை கடதாசி, பிள்ளை?” என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என்னைச் சுடுகிறது.

மறுநாள் காலை, சுயவிருப்ப மரணம் கோருபவர்களுக்கான மாநில வழிகாட்டுச் சேவையை அழைத்தேன். முதல் நாளே அழைத்திருக்க வேண்டிய இடம் அதுதான். அங்கிருந்த தாதி, நகரத்துக்கு வெளியே வசிப்பவர்களுக்கென்றே பிராந்திய அணுகல் உதவித் திட்டம் ஒன்று இருக்கிறது என்றும், நோயாளி பயணம் செய்வதற்கு மட்டுமன்றி, வைத்தியர் நோயாளியிடம் வருவதற்கும் அது செலவை ஏற்கும் என்றும் கூறினார். நோயாளியை அலைக்கழிக்காமல் வைத்தியரை அனுப்பலாம் என்ற அந்த ஒரு வாக்கியத்தை முன்பே யாராவது சொல்லியிருந்தால், அப்பாவுக்கு அந்தப் பன்னிரண்டு மணி நேர வேதனை இருந்திராது. பயணத்துக்கு முன்னரே ஒப்புதல் பெற வேண்டும் என்பதால் எங்கள் முதல் பயணச் செலவு திரும்பக் கிடைக்கவில்லை. பணத்தை நான் பெரிதாக நினைக்கவில்லை. நோயாளிக்கு மிஞ்சியிருக்கும் வலுவை வீணடித்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை.

இதைப் படிப்பவர்கள் இரண்டு விடயங்களில் கவனமாக இருங்கள். தொலைபேசியில் நாள், நேரம், பயண ஏற்பாடுகளைப் பேசுங்கள். நோயாளிக்குத் தகுதி உண்டா என்று வைத்தியர் பார்க்கும் மதிப்பீடு தொடர்பான எதையும் நேரில் மட்டும் பேசுங்கள். அங்கீகாரம் பெற்ற தமிழ் உரைபெயர்ப்பாளர் நேரில் வரவேண்டும் என்பதை முதல் உரையாடலிலேயே சொல்லி, அவருடைய பயணத்தையும் சேர்த்துத் திட்டமிடச் சொல்லுங்கள். எழுத்து மூலக் கோரிக்கைக்கு இரண்டு சாட்சிகள் தேவை. குடும்பத்தினரும், நோயாளியின் இறப்பால் பயனடையக்கூடியவர்களும் சாட்சியாக இருக்க முடியாது. உரைபெயர்ப்பாளர் வந்திருக்கும் நாளிலேயே சாட்சிகளையும் அழைத்துவைத்தால் இன்னொரு பயணம் மிச்சமாகும். எங்களுக்குப் பக்கத்துப் பண்ணைத் தம்பதியர் வந்தார்கள். அறுவடைக் காலம். வாசல் குழாயில் புழுதி போகக் கைகளைத் தேய்த்துக் கழுவிவிட்டு உள்ளே வந்து, ஒருவர் பின் ஒருவராகக் கையெழுத்திட்டார்கள்.

முதல் வைத்தியர் வீட்டுக்கு வந்து மதிப்பிட்டதைப் போலவே, இரண்டாம் வைத்தியரின் மதிப்பீடும் அந்தக் கையெழுத்துகளுக்கு முன்பே வீட்டில் முடிந்திருந்தது. முதற் கோரிக்கைக்கும் இறுதிக் கோரிக்கைக்கும் இடையில் பொதுவாக 9 நாள்கள் கடக்க வேண்டும். அது கடந்ததும் முதல் வைத்தியரும் உரைபெயர்ப்பாளரும் மீண்டும் நான்கு மணி நேரம் வண்டியோட்டி வந்தார்கள். அப்பா தம் சாய்வு நாற்காலியில், கழுத்துக்கு அதே துவாயுடன், தமிழில் கோரிக்கையைச் சொல்லி முடிக்கச் சில நிமிடங்களே ஆயின. அவர் சொன்னதை வேறு யாரும் திருத்தவோ சுருக்கவோ இல்லை. வந்தவர்களுக்குத் தேநீர் கொடுக்கச் சொன்னார். குடித்துவிட்டு, இருட்டினால் கங்காருக்கள் வீதிக்கு வந்துவிடும் என்று கூறி அவர்கள் வெளிச்சம் இருக்கும்போதே புறப்பட்டார்கள்.