தர்மபுரியில் கப்பல் மாதிரிப் பட்டறை: தை முதல் ஐப்பசி வரை

மாதிரியாகக் கட்டுவது டிரிங்கோமலீ என்ற கப்பலை. 1817-இல் பம்பாயில் தேக்கில் கட்டி நீரில் இறக்கிய போர்க்கப்பல். இன்றும் இங்கிலாந்தின் ஹார்டில்பூலில் இருக்கிறது. பீரங்கித் தளம் சுமார் 150 அடி நீளம். 1:64 அளவில் (நிஜத்தில் 64-இல் ஒரு பங்கு) கப்பலின் உடல் மட்டும் 71 செ.மீ. முகப்பில் நீளும் மரத்தையும் பின்பாயின் கட்டையையும் சேர்த்தால் மூன்றரை அடியை எட்டும். பட்டறைக்கு இடம் பார்க்கும் முன் போட வேண்டிய கணக்கு இதுதான். நான்கடி மேசையில் கப்பலை வைத்தால் கருவிக்கு இடம் இருக்காது. ஐந்தடிக்கு இரண்டடி, 19 மி.மீ. பிளைவுட், உயரம் 30 அங்குலம் என்று முடிவானது.

தை: அறை

மொட்டைமாடி அறை வேண்டாம். தர்மபுரி வெயிலில் பங்குனி, சித்திரை மதியங்களில் மேல்தளக் கான்கிரீட் அடுப்புக் கல் போலச் சுடும். மரம் ஒரே வாரத்தில் காய்ந்து முறுக்கிக்கொள்ளும். கீழ்த்தளத்தில் வடக்குப் பார்த்த 10-க்கு 8 அடி அறை போதும். சன்னலுக்குக் கொசுவலைக்குப் பதிலாக நெருக்கமான துணிவலை அடித்தால் சாலைப் புழுதி பெருமளவு நிற்கும். மேசைக்கு நேர் மேலே சீலிங் ஃபேன் இருந்தால் 2 மி.மீ. கப்பியும் (பாய்க்கயிறு ஓடும் உருளை) நூலும் பறந்துவிடும். அதை நிறுத்திவிட்டு முதுகுப் பக்கம் ஒரு டேபிள் ஃபேன்.

விளக்கு இரண்டு விதமாக வேண்டும். தலைக்கு மேலே நான்கடி எல்.ஈ.டி. டியூப் இரண்டு. மேசை மட்டத்துக்குச் சற்று மேலே, படுக்கைவாட்டில் ஒளி விழும்படி வளைகழுத்து விளக்கு ஒன்று. வங்குகளை (கப்பலின் விலா எலும்புகள்) இழைத்துச் சமன் செய்யும்போது மேட்டையும் பள்ளத்தையும் காட்டுவது இந்தச் சாய்வொளிதான். மேலிருந்து வரும் வெளிச்சத்தில் எல்லாம் சமமாகத்தான் தெரியும்.

மாசி: அடிப்பலகை

ஏரா, அதாவது கப்பலின் முதுகெலும்பு, நேராக நிற்காவிட்டால் பிறகு செய்யும் எதுவும் நேராக வராது. முதலில் 12 மி.மீ. பிளைவுட் பலகையில் ஏராவைப் பிடித்துப் பார்த்ததில், மூன்றே வாரத்தில் பலகை நடுவில் 2 மி.மீ. வளைந்தது. ஒருபக்கம் மட்டும் வார்னிஷ் அடித்ததுதான் காரணம். அடிக்காத பக்கம் ஈரத்தை வாங்கிவிடும், விட்டும்விடும்.

இதற்குத் தீர்வு நம்ம மாவட்டங்களிலேயே கிடக்கிறது. கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் கிரானைட் பாலிஷ் போடும் இடங்களில் வெட்டி மிஞ்சிய துண்டு கிடைக்கும். 3 அடி நீளம், 10 அங்குல அகலம், 18 மி.மீ. கனம் எடுத்தால் சுமார் 11 கிலோ வரும். வெயிலுக்கும் மழைக்கும் வளையாது, மேசையில் நகராது. வாங்கும்போது நீளமான ஸ்டீல் ஸ்கேலை விளிம்பில் நிறுத்திப் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். நீளவாக்கிலும் குறுக்குமூலையாகவும் ஒளி கசியாத துண்டே வேண்டும். பாலிஷ் பளபளப்பாக இருப்பதாலேயே கல் மட்டமாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

கல்லில் ஸ்க்ரூ ஏறாது. 25 மி.மீ. அலுமினிய எல்-ஆங்கிள் ஒன்றை அரால்டைட்டால் ஒட்ட வேண்டும், அதற்கு முன் ஒட்டும் இடத்தில் மட்டும் 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் பாலிஷைக் கீறிவிட வேண்டும். கீறாமல் ஒட்டியது பத்தே நாளில் பெயர்ந்து வந்தது. எதிர்ப்பக்க ஆங்கிளை ஒட்டாமல் சி-கிளாம்பால் பிடித்தால் 5 மி.மீ. ஏராவை வேண்டும்போது கழற்றலாம்.

பங்குனி: இரண்டு மேசை

இந்தப் பட்டறையின் மொத்த ஒழுங்கும் ஒரே விதியில் நிற்கிறது: மரத்தூளும் நூலும் ஒரே மேசையில் சேரக்கூடாது. தேன்மெழுகு பூசிய நூலில் தூள் ஒட்டினால் துடைக்க வழியே இல்லை, நூல் மயிர் முளைத்ததுபோலத் தெரியும். அதனால் அறையின் ஒரு மூலையில் வெட்டும் மேசை, எதிர் மூலையில் நூல் மேசை. நடுவே ஐந்தடி மேசையில் கப்பல்.

வெட்டும் மேசையில் சின்ன டேபிள் சா, ஃப்ரெட் சா, டிரில் மூன்றும் ஒரே மெயின் ஸ்விட்ச்சில். வாக்குவம் குழாய் ரம்பத்தின் அடியில் நிலையாகப் பொருத்தியிருக்க வேண்டும். எடுத்துவைத்துப் போடும் ஏற்பாடாக இருந்தால் மூன்றாம் நாளே யாரும் போடமாட்டார்கள். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) அறுக்கும்போது என்95 முகக்கவசம் கட்டாயம்.

நுண்கருவிகளுக்கு ஹார்டுவேர் கடையை விட நகை ஆசாரிகள் வாங்கும் கடை மேல். மெல்லிய வாள் போட்ட சட்டக ரம்பம், நுனி கூரான சாமணம், கம்பி இழுக்கும் அச்சுத்தகடு எல்லாம் அங்கே உண்டு. அந்தத் தகட்டில் மூங்கில் குச்சியைப் பெரிய துளையிலிருந்து சிறியதாக இழுத்தால் 0.5 மி.மீ. மர ஆணி கிடைக்கும். தேக்குக் குச்சி பாதியிலேயே முறியும், நீண்ட நாரோட்டம் இருப்பதால் மூங்கில்தான் தாங்கும். டிரில் பிட்டில் கவனம் வேண்டும்: கார்பைடு பிட், கையால் சுழற்றித் துளையிடும் 'பின் வைஸ்' பிடியில் சிறு சாய்வுக்கே உடையும். கைக்கு எச்.எஸ்.எஸ். (ஹை-ஸ்பீடு ஸ்டீல்) பிட், ஸ்டாண்டில் பொருத்திய டிரில்லுக்குக் கார்பைடு.

சித்திரை: மரமும் பசையும்

நிஜக் கப்பல் தேக்கு என்பதால் மாதிரியும் தேக்கில் வேண்டும் என்று தோன்றும். வேண்டாம். தேக்கின் துளைகள் 1:64-இல் ஓட்டைகளாகத் தெரியும். பலகைப் பட்டிக்கு மஞ்சக்கடம்பு, கப்பிக்கும் செதுக்குவேலைக்கும் வெட்பாலை. இரண்டும் நெருக்கமான இழை கொண்டவை. கர்நாடகத்துச் சென்னபட்டணா ஊரின் பொம்மைக்காரர்கள் கடைவது வெட்பாலையைத்தான். தளப்பலகை 10 அங்குலம் என்றால் இங்கே 4 மி.மீ. அகலம், கனம் 1 மி.மீ.

அறுத்த பட்டிகளை ஒன்றரை அங்குல பி.வி.சி. குழாயில் இருபுறமும் மூடி போட்டுப் படுக்கவைக்க வேண்டும். நிற்கவைத்தால் வில்லாக வளையும். தரையிலும் சுவரிலும் படாமல் ஸ்டீல் பிராக்கெட்டில் இருந்தால் கரையான் ஏறுவதும் கண்ணுக்குத் தெரியும். மில்லிலிருந்து வந்த மரம் அறையிலேயே மூன்று வாரம் கிடந்த பிறகே அறுப்பு.

வங்குகளின் மேல் ஒட்டிய முதல் பலகை அடுக்கில் வந்த சந்துகளுக்குக் காரணம் ஈரம். பட்டியை 20 நிமிடம் ஊறவைத்து, சூடுகாட்டி வளைத்து, ஈரத்தோடே ஒட்டினால் காயும்போது அகலம் சுருங்கும். மரம் நீளவாக்கில் ஏறக்குறைய சுருங்காது, குறுக்கில்தான் சுருங்கும். வளைத்த பட்டியைத் துணி கிளிப் போட்டு இரவு முழுதும் காயவிட்டு, மறுநாள் ஒட்டினால் சந்து இல்லை.

இந்த வறட்சியில் ஃபெவிகால் சீக்கிரம் ஏடு கட்டும். ஒரு நேரத்தில் ஒரு பட்டிக்கு மட்டும் தடவுங்கள், காலை ஒன்பதுக்குள் முடித்தால் நல்லது. சூப்பர் க்ளூ நேர்மாறு. அது காற்றின் ஈரத்தில் இறுகுவது, அதனால் சித்திரை மதியத்தில் தாமதிக்கும், மழையில் சட்டெனப் பிடித்துச் சுற்றிலும் வெள்ளைப் பூப் பூக்கும். ஃப்ரிட்ஜில் வைத்த குப்பியை அறைச் சூட்டுக்கு வந்தபின்தான் திறக்க வேண்டும். குளிர்ந்தபடி திறந்தால் உள்ளே நீர் பனித்து மிச்சமெல்லாம் கெட்டியாகும்.

ஐப்பசி: இப்போதைய நிலை

இரண்டாம் அடுக்கு நீர்மட்டக் கோடுவரை வந்திருக்கிறது. அடைமழை நாட்களில் பலகை ஒட்டுவதில்லை. உப்பிய மரத்தை நெருக்கி ஒட்டினால் மாசியில் கோடு கோடாகப் பிரியும். இந்த வாரங்கள் நூல் மேசைக்கு: மூன்று புரி முறுக்கி 0.3, 0.5, 0.8 மி.மீ. கயிறு தலா 10 மீட்டர், மாத்திரை டப்பாவில் கப்பிகள் 2, 3, 5 மி.மீ. என்று பிரித்து. மழை நின்றபின் அறை ஒரு வாரம் காயட்டும், அடுத்த பட்டி இடப்பக்கத்தில் எட்டாவது வரிசை.